வான், நாலு மணி

என்ர அடையாள அட்டையைக் குடுத்து ஒரு இரும்புப் பெட்டிக்குச் சிம் எடுத்தவள் நான். குளக்கட்டில, வான் கதவுகளுக்குப் பக்கத்தில ஒரு கம்பத்தில அந்தப் பெட்டி நிக்குது. மேல ஒரு சோலர் தகடு, உள்ளுக்க ஒரு பற்றறி, கீழ தண்ணியைப் பாத்தபடி ஒரு கண். தண்ணி எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டு அந்தக் கண் அளந்து, கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கிளிநொச்சியில இருக்கிற எங்கட நீர்ப்பாசனக் கந்தோருக்கு அனுப்பும். அனுப்புறதுக்குத் தனி வழி ஒண்டும் இல்லை. நீங்களும் நானும் கதைக்கிற அதே கைத்தொலைபேசிக் கம்பனியின்ர வழிதான். குளத்தின்ர பேரைச் சொல்ல மாட்டன். சொன்னால் விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வரும்.

கந்தோரின்ர பேரில சிம் எடுக்க வெளிக்கிட்டால் ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு இன்னொரு கடிதம் எண்டு மாரியே முடிஞ்சுபோகும். எஞ்சினியரோ மழை தொடங்க முதல் பெட்டி வேலை செய்யவேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டார். எனக்குப் பொறுமை எண்ட சாமான் பிறப்பிலேயே இல்லை. ஒரு நாள் பின்னேரம் பரந்தன் சந்தியில பஸ்ஸால இறங்கி, தெரிஞ்ச முஸ்லிம் நானா ஒருத்தரின்ர போன் கடைக்குப் போய் "ஒரு சிம் தாங்கோ" எண்டன்.

"யாருக்கு மிஸ்?"

"ஒரு பெட்டிக்கு."

அவர் கண்ணாடிக்கு மேலால என்னைப் பாத்தார். "பெட்டிக்கு ஐடி இருக்கா?"

"இல்லை."

"அப்ப உங்கட பேர்லதான் பதியணும். நாளைக்குப் பெட்டி ஏதும் வம்புதும்புக்குப் போனா உங்களத் தேடித்தான் வருவாங்க, சொல்லிட்டேன்" எண்டு சொல்லிச் சிரிச்சார். நானும் சிரிச்சுக்கொண்டுதான் கையெழுத்து வைச்சன்.

அண்டையில இருந்து அந்தப் பெட்டி கம்பனிக்கு ஒரு ஆள். கனடாவில இருந்து வாற கோலும், காதலிக்கிற பெடியன் பெட்டையின்ர கதையும், கிரிக்கெட் ஸ்கோரும் போற அதே டவருக்குள்ளாலதான் எங்கட குளத்துத் தண்ணியும் போகவேணும். ஆளெண்டு பதிஞ்சபடியால ஆளுக்கு வாறதெல்லாம் பெட்டிக்கும் வந்தது. ராசிபலன் வேணுமோ, புதுப்பாட்டு வேணுமோ, இனிய தீபாவளி வாழ்த்துக்கள் எண்டு ஒவ்வொரு நாளும் மெசேஜ். அதுகள் நிரம்பினால் பெட்டி திக்குமுக்காடி, தண்ணி அளவை அனுப்பாமல் நிண்டுவிடும். அதால கிழமைக்கு ரெண்டு தரம் கந்தோர்க் கணினியில பெட்டிக்கு வந்த மெசேஜ் எல்லாத்தையும் திறந்து அழிக்கவேணும். அந்தக் குப்பை கூட்டுற வேலையும் என்ர தலையிலதான் விழுந்தது. "படிச்ச படிப்புக்கு நல்ல வேலை" எண்டு பக்கத்து மேசைத் தங்கச்சி பகிடி பண்ணுவா.

பெட்டிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. குளம் நிரம்பி வான் கதவு திறக்கப் போறம் எண்டால், கீழ்ப்பக்கத்துக் கிராமங்களில இருக்கிற ஆக்களின்ர போனுக்கு முன்கூட்டியே மெசேஜ் அனுப்பவேணும். நம்பர்களை ஊர் விதானையார் வீடு வீடாய்ப் போய் எழுதித் தந்தார். நேரத்தை நான் போட்டு அமத்தினால் மிச்சத்தைப் பெட்டி பாத்துக்கொள்ளும். ஆனால் அந்த மெசேஜில என்ன சொல் போடுறது எண்டது என்ர பொறுப்பு.

இதில கொஞ்சம் நிக்கவேணும். ஏனெண்டால் பிழை இதிலதான் நடந்தது, பிழை விட்டவளும் நான்தான்.

எங்கட பக்கத்தில குளம் நிரம்பி மேலதிகத் தண்ணி வெளியால பாயிற இடத்துக்குப் பேர் வான். "வான் பாயுது" எண்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். றோட்டில ஆக்களை ஏத்திக்கொண்டு ஓடுற வாகனத்துக்கும் பேர் வான்தான். ரெண்டும் ஒரே உச்சரிப்பு, ஒரே எழுத்து. ஆனாலும் ஒருத்தரும் குழம்பிறதில்லை, ஆர் எங்க நிண்டு சொல்லுகினம் எண்டதை வைச்சே விளங்கிப்போகும். மெசேஜுக்கு அந்த வசதி இல்லை. அது ஆர் வாயில இருந்தும் வாறதில்லை. போதாக்குறைக்கு, சனத்தின்ர பட்டன் போன்கள் கனக்கத் தமிழைக் கண்டால் வெறும் கட்டம் கட்டமாய்க் காட்டும். அதால இங்கிலீசு எழுத்தில தமிழை எழுதினன். அப்பிடி எழுதேக்க வானுக்கு மூண்டே மூண்டு எழுத்து. ஓடுற வானில பெயின்ரால எழுதியிருக்கிற அதே மூண்டு எழுத்து.

எனக்கு நீட்டிக் கதைக்கிற ஆக்களைக் கண்டால் பிடிக்காது. மெசேஜையும் அப்பிடித்தான் நறுக்கினன். "வான் 4 மணி. தாம்போதி. கவனம்." நாலு மணி எண்ட இடத்தில அண்டைய நேரம் வரும். தாம்போதி எண்டது வான் தண்ணி றோட்டைக் குறுக்கறுத்துப் பாயிற பதிஞ்ச பாலம். மாரியில அதுக்கு மேலால தண்ணி போகும், கோடையில மாடு போகும். எஞ்சினியர் வாசிச்சுப் பாத்திட்டு, "சுருக்கமா நல்லா இருக்கு" எண்டார். எனக்குச் சரியான பெருமை. கந்தோரில ஒருத்தருக்கும் ஒண்டும் பிழையாய்ப் படேல்லை. நாங்கள் தண்ணிக்காரர். எங்களுக்கு வான் எண்டால் தண்ணிதான்.

அந்த மார்கழியில மழை விடாமல் நாலு நாள் பெய்தது. நாலாம் நாள் மத்தியானம் எஞ்சினியர் குளக்கட்டில இருந்து கோல் எடுத்தார். "நாலு மணிக்குக் கதவு திறக்கிறம். மெசேஜை விடுங்கோ." அதுதான் நாங்கள் அனுப்பப்போற முதல் மெசேஜ். மூண்டு மணிக்கு நேரத்தைப் போட்டு அமத்தினன். போகுது, போகுது எண்டு கணினி காட்டிச்சுது. தங்கச்சி தேத்தண்ணி ஊத்தித் தந்தா.

கொஞ்ச நேரத்தால பாத்தால் தண்ணி அளவு அசையாமல் நிக்குது. மூண்டு மணிக்கு வந்த அளவுக்குப் பிறகு ஒண்டும் வரேல்லை. "கோதாரி, திரும்பவும் ராசிபலன் நிரம்பிட்டுது போல" எண்டு ஏசிக்கொண்டு பெட்டிக்கு வந்த மெசேஜுகளைத் திறந்தன். எல்லாத்தையும் ஒரேயடியாய் அழிக்கிற பட்டனுக்குக் கை போச்சுது. போன கைதான். ஏன் நிண்டனோ தெரியாது, மேல இருந்த ரெண்டு மூண்டு மெசேஜில கண் போச்சு. அதுகள் கம்பனி அனுப்பினது இல்லை. சனம் பெட்டிக்குப் பதில் போட்டிருக்குது! ஒருத்தர் "ஓகே" எண்டிருந்தார். இன்னொருத்தர் "நீங்கள் ஆர்?" எண்டு கேட்டிருந்தார். மூண்டாவது நீட்டாய் இருந்தது.

"சரிங்க தம்பி. நாலு மணிக்குத் தாம்போதியில நிக்கிறோம். நேத்து கழுவ வேண்டிய நாளு, வான் வரலை. அவருக்கு மூச்சு இழுக்குது. லேட்டானா எங்களை விட்டுட்டுப் போயிறாதீங்க."

வான் வரேல்லையோ? எந்த வான்? வான் எப்பிடி வராமல் போகும்? ஒருக்கால் வாசிச்சன், விளங்கேல்லை. ரெண்டாந்தரம் "கழுவ வேண்டிய நாளு" எண்டதில கண் நிண்டுது. சிறுநீரகம் பழுதான ஆக்களுக்கு மெசினில போட்டு ரத்தம் கழுவுறதை எங்கட பக்கத்தில அப்பிடித்தான் சொல்லுவினம். அந்த ஆக்களை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போறதுக்கு ஒரு வான் ஓடுறது எனக்குத் தெரியும். நான் தண்ணி வருது எண்டு சொன்னதை இந்த மனிசி வாகனம் வருது எண்டு விளங்கியிருக்கிறா. ஏலாத மனிசனையும் கூட்டிக்கொண்டு, நாலு மணிக்கு, தண்ணி வாற நேரத்துக்கு, தண்ணி வாற இடத்திலேயே போய் நிக்கப்போறா. நேரத்தையும் இடத்தையும் குறிச்சுக் குடுத்து வாங்கோ எண்டு கூப்பிட்டவள் நான்!

அப்ப மூண்டு இருபத்தைஞ்சு. அந்த நம்பருக்கு எடுத்தன். "நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தற்போது தொடர்பு கொள்ள முடியாது." திரும்ப எடுத்தன். அதே குரல், அதே பதில். மழை, வெள்ளம், அதோட எங்கட மெசேஜ். சனம் எல்லாம் ஒரே நேரத்தில ஆளுக்காள் கோல் எடுக்கத் தொடங்கியிருக்கும். அந்த நெரிசலுக்குள்ள உயிர் போற கதைக்கு எண்டு ஆர் விலத்தி வழி விடப்போகினம்? கம்பனிக்கு எல்லாம் ஒரே கோல்தான்.

தங்கச்சி தன்ர போனில எஞ்சினியருக்கு எடுத்தா. எடுபடேல்லை. நான் அவருக்கு மெசேஜ் போட்டன், "கதவு திறக்காதேங்கோ, தாம்போதியில ஆக்கள்" எண்டு. அந்த மெசேஜ் அவர் கட்டால இறங்கி வரேக்க, பின்னேரம் ஆறு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. நேரத்துக்குக் கிடைச்சிருந்தாலும் அரை மணித்தியாலத்துக்கு மேல கதவைப் பிடிச்சிருக்க ஏலாது, கட்டு உடைஞ்சிருக்கும் எண்டு பிறகு சொன்னார். ஓடிப்போவம் எண்டாலும் தாம்போதிக்குப் பதினைஞ்சு கிலோமீற்றர்.

"பெட்டியில இருந்து மெசேஜ் விடுங்கோ அக்கா. அவா அந்த நம்பரைத்தானே நம்பியிருக்கிறா" எண்டா தங்கச்சி.

என்னெண்டு எழுதுறது? "தண்ணி வருது" எண்டு எழுத வெளிக்கிட்டன். எழுதின கையோட அழிச்சன். மார்கழியில தாம்போதியில தண்ணி வாறது அவைக்குப் புதினமோ? புருசனுக்கு மூச்சு இழுக்குது. மற்றப் பக்கத்தில வான் நிக்குது எண்டு நம்பினால் அந்த மனிசி கழுத்தளவு தண்ணிக்குள்ளாலயும் அவரைத் தூக்கிக்கொண்டு போகப் பாப்பா. நானெண்டாலும் அதைத்தான் செய்வன். அவாவைத் திருப்ப ஒரே ஒரு கதைதான் இருந்தது. நான் அந்த வான் டிரைவராய் மாறி எழுதினன்.

"வான் வராது. தாம்போதிக்கு வராதேங்கோ. வீட்ட திரும்பிப் போங்கோ."

அமத்தினன். போச்சுது எண்டு காட்டிச்சுது. போய்ச் சேர்ந்தது எண்டு காட்டேல்லை. அந்த ரெண்டுக்கும் நடுவில நான் இருந்த இருப்பு என்ர சத்துராதிக்கும் வரக்கூடாது. மூண்டு முப்பத்தைஞ்சு. மூண்டு அம்பது. திரும்ப அனுப்பினன், திரும்பவும் அனுப்பினன். தங்கச்சி எனக்குப் பின்னால நிண்டு சுவாமியைக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டா. நாலு மணி ஆச்சுது. ஆரும் சொல்லத் தேவையில்லை, அங்க கதவு எழும்பும் எண்டு எனக்குத் தெரியும். கதவால பாயிற தண்ணி தாம்போதிக்கு வர இருபது நிமிசம் பிடிக்கும். அந்தக் கணக்கையும் நானே ஒரு காலம் வெயிலுக்குள்ள நிண்டு அளந்து எழுதினனான்.

நாலு பத்துக்குப் பதில் வந்தது.

"ஏன் தம்பி? பாதி தூரம் வந்துட்டோம். திரும்பிட்டோம். அவரால முடியலீங்க. நாளைக்காவது வருவீங்களா?"

மேசையில தலையைக் குத்திக்கொண்டு அழுதன். வெக்கமெண்டு ஒண்டும் இருக்கேல்லை. தங்கச்சியும் அழுதா. அழுது முடியத்தான் அந்தக் கடைசிக் கேள்வி மண்டைக்குள்ள இறங்கிச்சுது. நாளைக்காவது வருவீங்களா? அந்த வான் டிரைவர் ஆரெண்டே எனக்குத் தெரியாது. ஆனால் வான் வராது எண்டு சொன்னவள் நான். அப்ப வானைக் கொண்டுபோய் விடவேண்டியவளும் நான்தானே. "வாறன். காலமை வாறன்" எண்டு பெட்டியில இருந்து எழுதினன்.

அடுத்த நாள் விடிய எஞ்சினியரின்ர அறைக்குப் போனன். தாம்போதிக்கு மேலால இடுப்பளவு தண்ணி போகுது, குளக்கட்டைச் சுத்தித்தான் போகலாம், கந்தோர் பிக்கப்பைத் தாங்கோ எண்டு கேட்டன்.

"விசரே உங்களுக்கு? கட்டு ஊறிப்போய்க் கிடக்கு. அதில வாகனம் விடக்கூடாது எண்டு போர்ட் எழுதினதே நாங்கள்தான்."

"சேர், நான் வாறன் எண்டு எழுதிப்போட்டன்."

"ஆருக்கு?"

பெட்டிக்கு அந்த மனிசி போட்ட மெசேஜுகளைக் காட்டினன். முதலாவதை வாசிச்சார். நான் அனுப்பினதை வாசிச்சார். சுருக்கமா நல்லா இருக்கு எண்டு சொன்ன மனிசன், மேசை லாச்சியைத் திறந்து பிக்கப் திறப்பை எடுத்தார். டிரைவரைக் கூப்பிடேல்லை. தானே ஏறினார்.

விதானையாரின்ர லிஸ்ரைப் பாத்துத்தான் இடம் பிடிச்சம். அவையின்ர வீடு தாம்போதிக்கு அங்கால, வீட்டுத்திட்டத்தில கட்டின, இன்னும் பூச்சுப் பூசாத வீடு. மலைநாட்டில இருந்து கலவரக் காலத்தில இடம்பெயர்ந்து வந்து வன்னியில காடு வெட்டிக் குடியேறின குடும்பம். புருசன் முன்னால ஒரு பிளாஸ்ரிக் கதிரையில குனிஞ்சபடி இருந்தார், நிமிர்ந்தால் மூச்சு வராதாம். காலெல்லாம் வீங்கி மினுங்கிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில பை கட்டி வைச்சிருந்தது. கிளினிக் கொப்பி, மாத்திக் கட்ட ஒரு சாரம், சுடுதண்ணிப் போத்தில். மனிசிக்கு நாப்பத்தைஞ்சு வயதிருக்கும். ஆடைத் தொழிற்சாலையில வேலை செய்தவா, அங்கதான் மெசேஜ் அடிக்கப் பழகினவா எண்டு பிறகு சொன்னா. பிக்கப்பில இருந்து நாங்கள் இறங்க, எங்களைத் தாண்டிப் பின்னால பாத்தா.

"வான் தம்பி வரலீங்களா?"

"அந்தத் தம்பி நான்தான்."

அவாவுக்கு விளங்கேல்லை. நான் எல்லாத்தையும் சொன்னன். பெட்டியைச் சொன்னன், சிம்மைச் சொன்னன், நான் எழுதின மூண்டு எழுத்தைச் சொன்னன். அவா தன்ர போனை எடுத்து முதல் மெசேஜைத் திரும்ப வாசிச்சா. டிரைவர் தம்பி அடிக்கடி சிம் மாத்துவாராம். புது நம்பரில இருந்து மெசேஜ் வரும், நேரத்தைப் பாத்து வாங்க எண்டு போன கிழமைதான் சொன்னவராம். மழைக்கு வான் உள்ளுக்க வராது, எப்பவும் தாம்போதியிலதான் ஏத்துவாராம்.

"அப்ப அந்த நாலு மணி..."

"தண்ணிக்கு."

அவா அப்பிடியே நிலத்தில இருந்திட்டா. "சைக்கிள் கேரியர்ல உக்கார வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனேன் மிஸ். தாம்போதிக் கட்டு மேலேயே அவர உக்கார வச்சிருப்பேன். வான் வந்தா மொத ஆளா ஏத்திறலாம்னு."

அதைக் கேட்டு நான் நிண்ட நிலையை இப்பவும் நினைக்க ஏலாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டன். அது சொல்லி முடிகிற விசயமே? எண்டாலும் சொன்னன். அவா என்ர கையைப் பிடிச்சு எழும்பி, பையைத் தூக்கிக்கொண்டு புருசனின்ர தோளைத் தொட்டா.

குளக்கட்டில பிக்கப் ஊர்ந்து போச்சுது. ஒரு பக்கம் குளம், மற்றப் பக்கம் பள்ளம். வான் கதவடியில வரேக்க, திறந்த கதவுகளால தண்ணி விழுந்துகொண்டிருந்ததை அந்த மனிசன் பின்சீற்றில இருந்து கனநேரம் பாத்தார். பிறகு விட்டுவிட்டு மூச்செடுத்துச் சொன்னார், "ஓடுற வானுக்கும் பாயிற வானுக்கும் ஒரே பேரு வச்சவன் யாருங்க?" எஞ்சினியர் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரேல்லை. கம்பத்தில இருந்த பெட்டியைக் கையால காட்டி, "அதுதான்" எண்டன். அவர் அதைப் பாத்துத் தலையை ஆட்டினார், ஆரோ ஆளை அறிமுகப்படுத்தினால் ஆட்டுற மாதிரி.

ஆஸ்பத்திரியில மத்தியானம்தான் மெசினில போட்டவை. ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டு வந்தனீங்கள் எண்டு தாதி ஏசினா. அந்த ஏச்சை நான் வாங்கினன், அது எனக்கு உரியதுதான். வான் டிரைவர் ரெண்டு நாளும் வெள்ளத்துக்குப் பயந்து வெளிக்கிடவே இல்லை எண்டு அங்கதான் அறிஞ்சன். நான் சொன்ன பொய் உண்மையாய்த்தான் இருந்திருக்குது. அதில எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கேல்லை.

மெசேஜை மாத்தவேணும் எண்டு கந்தோர்க் கூட்டத்தில கேட்டன். மேல இருந்து வந்த ஒருத்தர், "வான் எண்டு காலங்காலமாய்ச் சொல்லி வாறம், ஒரு ஆள் பிழையாய் விளங்கினதுக்காக மாத்துறதோ?" எண்டார். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்திட்டுது. "நீங்கள் சொல்லிவாறது குளத்தடியில நிண்டு. அவா வாசிச்சது வீட்டில, புருசன் மூச்செடுக்க ஏலாமல் இருக்கேக்க. எழுதினது பிழை, வாசிச்சது பிழை இல்லை" எண்டு மேசையில தட்டிப்போட்டன். தட்டினது கூடிப்போச்சுது எண்டு பிறகு எஞ்சினியர் சொன்னார். ஆனால் அவர் என்ர பக்கம்தான் நிண்டார். இப்ப மெசேஜ், "குளத்துத் தண்ணி திறக்கிறம், 4 மணி. தாம்போதியில ஒருத்தரும் நிக்கவேண்டாம், இறங்கவேண்டாம்" எண்டு நீட்டாய்த்தான் போகுது. எனக்கு இப்ப சுருக்கத்தில ஆசை இல்லை.

பெட்டிக்கு ஆக்கள் பதில் போடுவினம் எண்டு நாங்கள் ஒருநாளும் யோசிக்கேல்லை. அது சொல்லுற பெட்டி, கேக்கிற பெட்டி இல்லை எண்டு நினைச்சிருந்தம். சனத்துக்கு அது தெரியுமே? ஒரு நம்பரில இருந்து மெசேஜ் வந்தால் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்குது. கூப்பிட்டால் ஓம் எண்டு சொல்லவேணும், அவ்வளவுதான் அவைக்கு. அந்த மார்கழிக்குப் பிறகு நான் வாசிக்காமல் ஒண்டையும் அழிக்கிறதில்லை. ராசிபலனையும்தான் வாசிக்கிறன், வேற வழி?

அவா எழுதிறதை நிப்பாட்டேல்லை. பெட்டி எண்டு தெரிஞ்சுகொண்டும் எழுதினா. கிழமையில ரெண்டு தரம், கழுவுற நாளில, "தம்பி, இன்னைக்கு வான் வந்துச்சு" எண்டு ஒரு மெசேஜ் வரும். ஒருக்கால் நான் எரிச்சலில, "அக்கா, அது பெட்டி. என்ர சொந்த நம்பரைத் தாறன், அதுக்குப் போடுங்கோ" எண்டு எழுதினன். "பரவாயில்லீங்க மிஸ், இது பழகிப்போச்சு. டிரைவர் தம்பி போனு எடுக்கிறதில்லை, இந்தத் தம்பி எடுக்குது" எண்டு பதில் வந்தது. அதுக்குப் பிறகு நான் ஒண்டும் சொல்லப் போகேல்லை. "சந்தோசம்" எண்டு பெட்டியில இருந்து எழுதுவன். வான் வராத நாளில "வரலை" எண்டு மட்டும் வரும். அண்டைக்கு நான் ஆஸ்பத்திரிக்கும் டிரைவருக்கும் கோல் எடுத்து எல்லாரோடயும் சண்டை பிடிப்பன். ரெண்டு தரம் நான் கேக்காமலே எஞ்சினியர் பிக்கப் திறப்பைத் தந்தார்.

வெயில் வந்தது. குளம் இறங்கிச்சுது. பெட்டி அனுப்புற அளவு ஒவ்வொரு கிழமையும் குறைஞ்சுகொண்டு வந்தது. தாம்போதி காய்ஞ்சு, அதுக்கு மேலால மாடு போச்சுது. அவான்ர மெசேஜ் மட்டும் கழுவுற நாள் தவறாமல் வந்தது. அதை நான் ஒரு அளவு மாதிரியே பாக்கப் பழகிட்டன். வந்தால் அந்த மனிசன் இருக்கிறார்.

ஆவணியில ஒரு காலமை, நான் கந்தோருக்குள்ள கால் வைக்கேக்க தங்கச்சி கணினிக்கு முன்னால இருந்தா. பெட்டிக்கு வந்ததை எனக்கு முதல் திறந்திருக்கிறா.

"அக்கா, ஒரு ஆள் மெசேஜ் வேண்டாமாம். நம்பரை லிஸ்ரில இருந்து எடுத்துவிடட்டோ?"

எட்டிப் பாத்தன்.

"தம்பி, இனி வான் வேண்டாம்."

"கை வைக்காத!" எண்டு கத்திப்போட்டன். அவா பயந்து கதிரையைப் பின்னால தள்ளினா. தங்கச்சி இன்னொருக்கால் வாசிச்சா. பிறகு அவாவும் வாயைப் பொத்திக்கொண்டா.

மார்கழியில அந்த ஒரு நாள் பிந்தினதாலயோ அவர் போனார் எண்டு பிறகு நான் டொக்டரிட்டக் கேட்டனான். இல்லை, சிறுநீரக வருத்தம் ஏற்கனவே முத்தித்தான் இருந்தது எண்டார். எனக்காகச் சொன்னாரோ, உண்மையைச் சொன்னாரோ தெரியாது. கேட்டது என்ர மனதுக்காகத்தான், மறுமொழி அதுக்குள்ள இறங்கேல்லை.

அண்டைக்குக் காலமை ஒண்டும் யோசிக்கேல்லை. கணினியில இருந்து, பெட்டியின்ர நம்பரில, "வாறன்" எண்டு எழுதினன். எழுதிப்போட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் எடுத்தன். தாம்போதியடியில இறங்கிக் கால் நனையாமல் கடந்து போனன்.

வீட்டுக்கு முன்னால கொட்டில் போட்டுச் சனம் இருந்தது. அவா உள்ளுக்க, சுவரோட சாய்ஞ்சு இருந்தா. மடியில அந்தப் பட்டன் போன். வாசலில ஆள் நிழலாட நிமிர்ந்து பாத்தா. இந்தத் தரம் எனக்குப் பின்னால ஆரையும் தேடேல்லை.

"வந்துட்டீங்களா, தம்பி" எண்டா.

"ஓம்" எண்டு சொல்லிப் பக்கத்தில போய் இருந்தன்.